வீட்டுக்கு ஒரு ஓட்டு

1

நீல அட்டை என் கைக்கு வந்து இன்றோடு ஒரு வருடம். ஊரில் இருப்பவர்களுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ரேஷன் கார்டு வாங்கியதற்கெல்லாம் யாராவது ஆண்டு விழா கொண்டாடுவார்களா? ஆனால் மலேசியாவில் குடிமக்களுக்குத்தான் நீல அட்டை. தங்கிக்கொள், வேலை செய், வரி கட்டு, ஆனால் வாயைத் திறக்காதே என்று சொல்லிக் கொடுப்பது சிவப்பு அட்டை. சிவப்புக்கு ஓட்டு கிடையாது. இருபத்தைந்து வருடத்தில் பெரும்பகுதியை நான் சிவப்பாகவும், அதற்கு முன்னால் வருடா வருடம் முத்திரை வாங்கும் விருந்தாளியாகவும்தான் கழித்தேன்.

மகள் ஷர்மினி கேக் வாங்கி வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன்.

"ஏன் மா, சிட்டிசன் ஆன ஆனிவர்சரி லா. சும்மா ஒரு சின்ன கேக்."

"அந்த அட்டைய வச்சி நான் செஞ்ச காரியத்துக்குக் கேக் ஒண்ணுதான் கொறச்சல்."

அவள் தோளைக் குலுக்கிவிட்டுக் கைப்பேசிக்குள் போய்விட்டாள். அவளுக்கு இருபத்து மூன்று வயது. புஞ்சாக் ஆலாமில் ஒரு கைப்பேசிக் கடையில் வேலை. தமிழ் புரியும், பேசுவாள், வாசிக்கச் சொன்னால் தலைவலிக்கிறது என்பாள். இந்தக் குறிப்பை அவள் வாசிக்கப் போவதில்லை என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரி. என் கணவர் மணியத்தின் தாத்தா எங்கள் பக்கத்து ஊரிலிருந்து ரப்பர் மரம் சீவக் கப்பலேறியவர். அந்தத் தொடர்பை வைத்துப் பெண் கேட்டு வந்தார்கள். வந்து இறங்கிய இடம் கோலசிலாங்கூருக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டம், அதாவது எண்ணெய்ப் பனை. தொழிலாளர்களுக்குக் கம்பெனி கட்டிய வரிசை வீடுகளை இங்கே லயம் என்பார்கள். நாங்கள் இருப்பது லயத்தில் நான்காம் வரிசை. தோட்டம் கைமாறிப் பல வருடங்கள் ஆயின. வேலையும் போனது. வாங்கிய கம்பெனி அங்கே நகரம் கட்டப் போகிறது. அறுபத்திரண்டு குடும்பங்கள் மட்டும் இன்னும் லயத்தை விட்டு நகரவில்லை. எங்களுக்கு வேண்டியது தோட்ட நிலத்தின் ஒரு மூலையில் ஆளுக்கொரு தரை வீடு. அவர்கள் கொடுப்பதாகச் சொல்வது எங்கேயோ ஓர் அடுக்குமாடியில் இரண்டறை. எங்கள் சண்டை அவ்வளவுதான்.

2

அந்தச் சண்டையை நடத்துகிறவர் பெருமாள் அண்ணன். எங்கள் லயத்துக்காரர், முதல் வரிசை. முன்பு தோட்டத்துப் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இடதுசாரிக் கட்சி ஒன்று இங்கே உண்டு. சின்னக் கட்சி. எவ்வளவு சின்னது என்றால், அதன் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் "அது இன்னும் இருக்கா?" என்பார்கள். அண்ணன் அதில் முப்பது வருட உறுப்பினர். என் கணவர் அவருக்கு வலது கை. பகலில் உர லோரி ஓட்டுவார், மாலையில் அண்ணனோடு மனு எழுதப் போவார்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, முதல் வரிசையை இடிக்க இயந்திரம் வந்தது. அண்ணன் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தார். மூன்று பெண்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான்காவதாக நானும் போனேன். எங்கள் அப்பா விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர், எனக்கு மறியல் ஒன்றும் புதிதில்லை. அண்ணன் என் கையைப் பிடித்துப் பின்னால் தள்ளினார்.

"நீ உக்காராத தங்கச்சி. ஒன் கார்டு செவப்பு. புடிச்சான்னா ஊருக்கே அனுப்பிருவான். போ, புள்ளையப் பாரு."

நான் வாசலில் நின்று பார்த்தேன். அவர் இரண்டு நாள் காவல் நிலையத்தில் இருந்துவிட்டு வந்தார். பிறகு வழக்குப் போட்டு இடிப்பதற்குத் தடை வாங்கினார். இன்று நான் சமைக்கும் அடுப்பு இருக்கிற இடத்தில் இருப்பதற்கு அந்த மனிதர்தான் காரணம். சாமி காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சாமியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகவில்லை.

நீல அட்டைக்கும் அவர்தான் அலைந்தார். குடியுரிமை மனுவோடு ஷா ஆலாம் அலுவலகத்துக்கு என் கணவர் ஒரு தடவை வந்தார் என்றால் அண்ணன் நான்கு தடவை வந்தார். ஒரு முறை பாரத்தில் கறுப்பு மையில் எழுத வேண்டியதை நீல மையில் எழுதிவிட்டோம் என்று திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு முறை திருமணப் பதிவுச் சான்றின் நகலில் முத்திரை தெளிவாக இல்லை. அடுத்த முறை அந்த மேசைக்காரர் விடுப்பில் போயிருந்தார். மனு உள்ளே போய்ப் பல வருடம் சத்தமே இல்லை.

கடைசியில் மலாய் வாய்மொழித் தேர்வு. நான் மலாய் கற்றது இரவுச் சந்தையில், கீரைக்காரர்களோடும் மீன்காரர்களோடும். பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து மீன் கொண்டு வருகிற மக்சிக்கிடம், அந்த மலாய்க்கார அத்தையிடம், பேசுவதுபோல எதிரே இருந்த அதிகாரியிடம் "அவாக்" என்று பேசிவிட்டேன். அது நம் ஊரில் தாசில்தாரை "நீ" என்பது மாதிரி. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தத் தேர்வில் தோற்றேன். எட்டு மாதம் கழித்து இரண்டாம் முறை, அண்ணன் வண்டியிலேயே பாடம் நடத்தினார். "துவான்னு ஆரம்பி, துவான்னு முடி. நடுவுல என்ன வேணா பேசு" என்றார். துவான் என்றால் ஐயா. தேறினேன்.

பிறகு இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைத்தேன். ரத்து என்று முத்திரை குத்தினார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

3

அட்டை வந்த சில மாதத்தில் மாநிலத் தேர்தல் வந்தது. எங்கள் தொகுதியில் மூன்று பேர் நின்றார்கள். ஆளும் பெரிய கூட்டணியின் ஆள் ஒருவர், எதிர்க் கூட்டணியின் ஆள் ஒருவர், மூன்றாவது பெருமாள் அண்ணன்.

ஆளும் கூட்டணிக்காரர் ஏற்கனவே ஐந்து வருடம் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். லயத்துக்கு இரண்டு தடவை வந்தார், இரண்டும் தீபாவளி. அந்த அடுக்குமாடித் திட்டமே அவர் கொண்டு வந்ததுதான். எதிர்க் கூட்டணியைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றியது: அவர்கள் வந்தால் பட்டா இல்லாத கோயில்களை எல்லாம் எடுத்துவிடுவார்களாம். யார் சொன்னது, எங்கே சொன்னது, ஒருவருக்கும் தெரியாது. ஆனால் எங்கள் மாரியம்மன் கோயில் தோட்ட நிலத்தில் இருக்கிறது, அதற்குப் பட்டா இல்லை. அது போதுமே. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று பார்க்கிற வேலையில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள்.

ஷர்மினி சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டுக் காட்டினாள்.

"மா, லிசன். போன தடவ இப்ப இருக்கறவங்க ஜெயிச்சது கொஞ்ச ஓட்டுலதான். பெருமாள் மாமாவுக்குப் போட்டா ஸ்ப்ளிட் ஆகும். ஸ்ப்ளிட் ஆனா யாரு வருவா? அவங்க வருவாங்க. ஸோ மாமாவுக்குப் போடற ஓட்டு அவங்களுக்குப் போடற ஓட்டு மாதிரி. ஸிம்பிள் லா."

"அப்ப மாமா எதுக்கு நிக்கிறாரு?"

"அதான் எனக்கும் தெரியல."

ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கோயில் கொட்டகையில் எல்லாரும் உட்கார்ந்தோம். அண்ணனும் இருந்தார். அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசினோம். பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கிற மாதிரி, நோயாளியை நடுவில் வைத்துக்கொண்டு. கோயில் போய்விடுமோ என்று ஒருவர். அண்ணனைக் கைவிடுவது பாவம் என்று ஒருவர். அப்போது என் கணவர்தான் எழுந்து அந்த யோசனையைச் சொன்னார்.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம். கால்வாய் தூர் வாருவது, தீமிதிக்குக் குழி வெட்டுவது, பொதுவான வேலை எதுவானாலும் வீட்டுக்கு ஓர் ஆள். கம்பெனி போன பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. எங்கள் ஒற்றுமைக்கு நாங்கள் பெருமையாகக் காட்டுகிற அடையாளமே அதுதான்.

"அதே மாரி வீட்டுக்கு ஒரு ஓட்டு அண்ணனுக்குப் போடுவோம்," என்றார் கணவர். "மத்த ஓட்டெல்லாம் கோயிலக் காப்பாத்தப் பெரிய கூட்டணிக்குப் போவட்டும். அண்ணனுக்கு மரியாதையான நம்பரும் வரும், அவனுங்களும் வர மாட்டானுங்க. என்னண்ணே சொல்றீங்க?"

கொட்டகையே மூச்சு விட்டது. என்ன அருமையான யோசனை! இரண்டு பக்கமும் நல்ல பேர். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒங்க ஓட்டு, ஒங்க இஷ்டம். ஆனா ஒண்ணு மணியம். நாளைக்கு வீட்டப் பத்திப் பேச மேசைல போயி உக்காரும்போது, நான் யாருக்குப் பேசுறேன்னு கேப்பான். அப்ப அந்த நம்பரத்தான் காட்டணும். அத மட்டும் நெனப்புல வச்சிக்குங்க."

எல்லாரும் தலையாட்டினோம். வீட்டுக்கு வரும் வழியில் கணவர் சொன்னார்: "நம்ம வீட்ல அந்த ஓட்டு நீ போடு கோமதி. ஒன்னோட மொத ஓட்டு. அண்ணனுக்குப் போறதுதான் நாயம்."

நானும் சரி என்றேன்.

4

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் உங்களுக்குத் தெரிந்த கதைதான். நம் பக்கத்திலும் இரண்டே இரண்டு பெரிய கட்சிகள். இடதுசாரிகள் ஒரு தேர்தலில் இந்தப் பக்கம் நிற்பார்கள், அடுத்த தேர்தலில் அந்தப் பக்கம். கூட்டணியில் நாலு தொகுதி கொடுத்தால் வாங்கிக்கொண்டு, மற்ற எல்லாத் தொகுதியிலும் அவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்த வேண்டும்.

அப்பா இளவயதில் கூலி உயர்வு கேட்டு நின்றபோது, எங்கள் ஊர் மிராசுதாரின் ஆட்கள் அவரை வரப்பில் போட்டு அடித்தார்கள். இடது முழங்கை அதன் பிறகு முழுதாக நீளாது. நான் முதல் ஓட்டுப் போட்ட தேர்தலில் எங்கள் தொகுதிக்கு வந்த கூட்டணி வேட்பாளர் அதே மிராசுதாரின் மகன். அப்பா அந்த நீளாத கையால் சுண்ணாம்பு வாளியைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டுச் சுவரிலேயே அவன் சின்னத்தை எழுதினார்.

"ஒங்களுக்கு வெக்கமா இல்லையாப்பா?" என்று கேட்டேன். இருபது வயது. கேட்கிற வயது.

"கட்சி சொல்லிடுச்சி. நமக்குப் பெரிய எதிரி யாருன்னு பாக்கணும்."

"ஒங்கள அடிச்சவன விடப் பெரிய எதிரி யாரு?"

அவர் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த சுவருக்குப் போனார். மிராசுதார் மகன் ஜெயித்தான். ஜெயித்த மாதமே அறுவடை இயந்திரத்தை இறக்கினான். சங்கம் எதிர்ப்பு ஊர்வலம் போனபோது, "உங்க ஓட்டுலதானே வந்தேன், இப்ப என்ன?" என்று கேட்டானாம். அப்பா அதைச் சொல்லும்போது சிரிப்பார். அது சிரிப்பில்லை என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அன்று நான் அவரோடு பத்து நாள் பேசவில்லை. நானாக இருந்தால் மனசுக்குப் பிடித்தவருக்குத்தான் போடுவேன், தோற்றாலும் சரி என்று ஊரில் எல்லாரிடமும் வீறாப்பாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்பா இப்போது இல்லை. மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை.

5

தேர்தல் அன்று காலை எட்டு மணிக்கே தமிழ்ப்பள்ளியில் வரிசையில் நின்றேன். நல்ல புடவை கட்டிக்கொண்டுதான் போனேன். இங்கே வயதுவாரியாக அறை பிரித்து, ஓட்டையும் அந்தந்த அறையிலேயே எண்ணுவார்கள். பெருமாள் அண்ணன் மாதிரி மூத்தவர்கள் முதல் அறை. எங்கள் வயதுக்காரர்களுக்கு இரண்டாம் அறை. என் கணவர், நான், பெருமாள் அண்ணனின் மனைவி எல்லாரும் இரண்டாம் அறைதான். ஷர்மினி போன்ற இளசுகளுக்கு நான்காம் அறை. கணவர் அதிகாலையிலேயே ஓட்டைப் போட்டுவிட்டு, அண்ணனின் முகவராக இரண்டாம் அறைக்குள் உட்கார்ந்திருந்தார்.

என் பெயரைச் சத்தமாக வாசித்தார்கள். விரலில் மை வைத்தார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனேன். நம் ஊரில் அன்று முத்திரை குத்தினேன். இங்கே பேனாவால் ஒரு பெருக்கல் குறி. மூன்று பெயர். மூன்றாவது பெருமாள் அண்ணன்.

பேனா மூன்றாவது கட்டத்துக்குத்தான் போனது. அங்கே நின்றது. அப்போது நான் நினைத்தது எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். அறுபத்திரண்டு வீடு இருக்கிறது, அறுபத்தோரு பேர் அண்ணனுக்குப் போடுவார்கள், நான் ஒருத்தி போடாவிட்டால் அவருக்கு என்ன குறையும்? ஆனால் எதிர்க் கூட்டணி ஒரே ஓட்டில் ஜெயித்துக் கோயில் போய்விட்டால்? அந்த ஒரு ஓட்டு என்னுடையதாக இருந்தால்? இன்னொன்றும் நினைத்தேன். சீட்டில் எண் இருக்கிறது, யார் யாருக்குப் போட்டார்கள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று லயத்தில் பழைய பேச்சு ஒன்று உண்டு. நேற்று வந்த குடிமகள் நான். கொடுத்ததைப் பிடுங்க எவ்வளவு நேரமாகும்? வெளியே மின்விசிறி சுற்றுகிற சத்தமும், என் கணவர் ஒரு முறை இருமிய சத்தமும் கேட்டன.

முதல் கட்டத்தில் குறி போட்டேன். ஆளும் கூட்டணிக்கு. மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, கணவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்தேன். அவரும் தலையாட்டினார்.

ஆளும் கூட்டணி ஜெயித்தது. கொஞ்ச நஞ்ச ஓட்டில் இல்லை, ஆயிரக்கணக்கில். எங்கள் லயம் மொத்தமும் அண்ணனுக்குப் போட்டிருந்தாலும் அவர்கள் ஜெயித்திருப்பார்கள். கோயிலுக்கு ஓர் ஆபத்தும் இருந்திருக்காது.

மறுநாள் காலை கணவர் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"பள்ளிக்கூடம் முழுக்கப் பதினாலு," என்றார். "அறுவத்திரண்டு வீட்டுக்குப் பதினாலு. நம்ம ரூம்ல மூணு."

நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"மூணுல ஒண்ணு ஒன்னோடது. ஒண்ணு அண்ணி. இன்னொண்ணு யாருன்னுதான் புரியல."

தோசைக் கரண்டி கையிலேயே நின்றது. அவரும் அதே அறையில்தான் ஓட்டுப் போட்டார். எண்ணுகிறவன் முதலில் தன்னையல்லவா எண்ணுவான்? அவர் தன்னை எண்ணவே இல்லை. முப்பது வருடம் அண்ணனின் நிழலாகத் திரிந்தவர், வீட்டுக்கு ஒரு ஓட்டு என்று எழுந்து சொன்னவர், அந்த ஒன்றை என்னிடம் ஒப்படைத்துவிட்ட நிம்மதியில் தன்னுடையதைப் பெரிய கூட்டணிக்குப் போட்டிருக்கிறார். நான் அவர் முகத்தைப் பார்க்கத் திரும்பவில்லை. திரும்பினால் என் முகத்தை அவர் பார்ப்பார்.

கால்வாய் வெட்டும்போது எந்த வீட்டிலிருந்து ஆள் வரவில்லை என்று தலைவர் பேர் வாசிப்பார். ஓட்டில் பேர் வாசிக்க ஆளில்லை. இதை எங்களில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. யோசித்ததால்தான் அப்படிச் செய்தோமோ என்றும் இப்போது சந்தேகமாக இருக்கிறது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்பார்கள். எங்களுக்கு அரசன் மேல் நம்பிக்கையும் கிடையாது. நம்பாத அரசனுக்காகக் கைவிட்டோம்.

6

போன வாரம் கோலசிலாங்கூரில் வீட்டுப் பிரச்சினை பற்றிப் பேச்சுவார்த்தை. நில அலுவலகத்தின் அதிகாரி ஒருவர், கம்பெனியின் ஆள் ஒருவர், ஒய்.பி. என்று இங்கே சொல்கிற சட்டமன்ற உறுப்பினருக்குப் பதிலாக அவருடைய உதவியாளர். உதவியாளர் நம்மவர்தான், ரவாங்கிலிருந்து வருகிறவர், நாற்பது வயதிருக்கும். மரியாதையான ஆள். எல்லாருக்கும் கும்பிடு போட்டு, அக்கா அண்ணே என்று விசாரித்தார். எங்கள் பக்கம் முன் நாற்காலியில் பெருமாள் அண்ணன், பின்னால் நாங்கள் முப்பது நாற்பது பேர்.

அண்ணன் கோப்பைத் திறந்து தரை வீட்டுத் திட்டத்தைச் சொன்னார். எத்தனை ஏக்கர் போதும், எந்த மூலை, எல்லாம் விவரமாக. அவர் முடிக்கும்வரை உதவியாளர் குறுக்கிடவில்லை. முடித்ததும் ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். எங்கள் தமிழ்ப்பள்ளியின் தேர்தல் முடிவுத்தாள்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. நீங்க தேர்தல்ல இந்தத் தரை வீட்டத்தான சொல்லி நின்னீங்க? ஒங்களுக்கு இந்த ஸ்கூல்ல பதினாலு ஓட்டு. எங்க ஒய்.பி. அடுக்குமாடியச் சொல்லி நின்னாரு. அவருக்கு எவ்ளோன்னு பாருங்க. அப்ப ஜனங்க என்ன சொல்லிட்டாங்கன்னு தெரியுதில்ல? நான் சொல்லல, அவங்களே சொல்லிட்டாங்க."

மலாய் அதிகாரியிடமும் அதை மலாயில் சொன்னார். அதிகாரி தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், எதையோ எழுதினார். அண்ணனுக்கு நேர் பின்னால் இருந்தேன், மலாயில் எழுதியதைத் தலைகீழாக வாசிக்க எனக்கு வரும். குடியிருப்பாளர்களுக்குச் சம்மதம் என்று எழுதியிருந்தது.

அண்ணன் கோப்பை மூடினார். திரும்பியும் பார்க்கவில்லை. அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டு நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். யாராவது பேசுவார்கள் என்று நான் காத்திருந்தேன். யாராவது பேசுவார்கள் என்று மற்றவர்களும் காத்திருந்திருப்பார்கள்.

எழுந்தேன்.

"தம்பி, அது சம்மதம் இல்ல. நான் அண்ணனுக்குப் போடல. ஒங்க ஆளுக்குத்தான் போட்டேன். பயந்துகிட்டுப் போட்டேன். கோயிலு போயிருமோன்னு போட்டேன். அடுக்குமாடி வேணும்னு போடல. இங்க உக்காந்திருக்கிற முக்காவாசிப் பேரு அப்படித்தான். கேட்டுப் பாருங்க."

பக்கத்தில் என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். வேறு எந்த நாற்காலியும் அசையவில்லை. உதவியாளர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. உண்மையிலேயே பரிதாபமாகத்தான் பார்த்தார்.

"ஓட்டு ரகசியம்க்கா. நீங்க யாருக்குப் போட்டீங்கன்னு நாங்க கேக்கக் கூடாது, நீங்க சொன்னாலும் நாங்க எழுத முடியாது. எதுக்காகப் போட்டீங்கன்னு எழுதறதுக்கு அந்தச் சீட்டுல எடம் ஏதுக்கா? நம்பர் மட்டுந்தான்."

நல்ல பதில். அதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாது. நான் நின்றுகொண்டே இருந்தேன். அண்ணன் அப்போதும் திரும்பாமல், "உக்காரும்மா" என்றார். இருபத்தைந்து வருடத்தில் அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடாதது அன்றுதான்.

7

திரும்பி வரும்போது அண்ணனின் பழைய வேனில் நாங்கள் ஆறு பேர். ஷர்மினி விடுப்பெடுத்துக்கொண்டு வந்திருந்தாள். காதில் எதையோ மாட்டிக்கொண்டு கடைசி இருக்கையில் இருந்தாள். சிங்கப்பூரில் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள், வந்துவிடும் என்கிறாள். "அங்க போயிட்டா யாரு ஜெயிச்சா என்ன" என்று போன மாதம் சொன்னாள். நான் திட்டவில்லை. திட்டுகிற யோக்கியதையை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

செம்பனை மரங்களுக்கு நடுவே வேன் போய்க்கொண்டிருந்தது. பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தியபோது அண்ணன் ஒரு நோட்டை எடுத்து ஸ்டியரிங்கின் மேல் வைத்தார். எப்போதும் அவரிடம் இருக்கிற நோட்டு, மனு, கையெழுத்து, கைப்பேசி எண் எல்லாம் அதில்தான்.

"பதினாலு நாளுக்குள்ள மறுப்பு எழுதிக் குடுக்கணும். புதன்கிழம மறுபடியும் ஆபீசு போவணும். ஆளுங்க நேர்ல நிக்கணும், இல்லாட்டி வாங்க மாட்டான்."

"வருவோம்ண்ணே," என்றார் என் கணவர் உடனே. "எல்லாரும் வருவோம்."

அண்ணன் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"எல்லாரும்னு சொல்லாத மணியம். வர்றவங்க பேர மட்டும் சொல்லு."

கணவர் வாயைத் திறந்தார். லயத்தின் அறுபத்திரண்டு வீட்டையும் வரிசையாகச் சொல்லக்கூடியவர் அவர். ஒரு பெயரும் வரவில்லை. தன் பெயரும் வரவில்லை. பின்னால் இருந்தவர்கள் சன்னல் பக்கம் பார்த்தார்கள்.

"கோமதி," என்றேன் நான். "நான் வர்றேண்ணே."

பேனா அவர் கையில்தான் இருந்தது. நோட்டும் திறந்துதான் இருந்தது. கொஞ்ச நேரம் அந்த வெற்றுப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, எழுதாமலேயே மூடி, வண்டியை எடுத்தார்.